வருமுன் காப்போம்



கொள்ளைநோய்க்கு எதிரான அரசின் ஆயத்தங்களை ஊர்ப் பிரதிநிதி நமக்கு எடுத்துரைக்கும்போது, கேட்டுவிட்டுக் கலைந்து செல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? முடியாதென்கிறது நம் நாட்டு வரலாறு.

1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. பின்னர் டி.டி.ரீ. தெளித்தும் அயராது கண்காணித்தும் நோயை அடக்கினோம். 1963இல் நாடெங்கும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்ததென்று தெளிப்பு நின்றது; கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் பல்லாண்டு பாடுபட்டே, 2016இல் மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றோம்.

2020இல் கொரோனா வந்தபோது அரசுக்குக் கைகொடுத்தது 1897ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், அதனை வீட்டு வாசல்வரை கொண்டுவந்தோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் கிராம அலுவலர்களுமே.

ஆகவே, பிரதிநிதியிடம் மூன்று வினாக்களைக் கேட்போம். தனித்து வாழும் முதியோரின் பெயர்ப்பட்டியல் உண்டா? ஊரடங்கு நாளில் அவர்களுக்கு மருந்து கொண்டுசெல்பவர் யார்? அறிவித்தல்கள் உரிய வேளையில் தமிழில் வருமா?

விடை கிடைக்கவில்லையெனில் குறைகூறி அமர்ந்துவிடோம். முதற் பட்டியலை நம் சங்க இளைஞரே வீடுவீடாகச் சென்று தயாரிப்போம். நோய் ஓய்ந்த காலமே ஆயத்தம் செய்யும் காலம். மக்கள் சேவையே மகேசன் சேவை.