மெட்டுப் போட்டது யார்?

(நம் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "பத்து நிமிஷம் பேசுப்பா, ஆனா டெக்னிக்கலா வேண்டாம், எல்லாரும் தூங்கிடுவாங்க" என்றார். பாலம் கட்டுகிறவனிடம் பாலத்தைப் பற்றிப் பேசாதே என்றால் என்ன செய்வது? அதனால் ஒரு சி.டி.யைப் பற்றிப் பேசப் போகிறேன். வி. குமார் என்ற இசையமைப்பாளரின் இருபது பாட்டுகள் அடங்கிய சி.டி. கடையில் வாங்கியதல்ல, ஒருவர் உட்கார்ந்து தொகுத்தது.

2011இல் எனக்கு முதல் வேலை, ஆற்றுப் பாலம் ஒன்றின் சைட்டில். அங்கே ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த ஒரு சீனியர் இன்ஜினியர் இருந்தார். காலையில் ஜீப்பில் ஏறினால் அந்தச் சி.டி.யைத்தான் போடுவார். உறைக்குள் ஒரு தாள். அதில் கோடு போட்டு அட்டவணை. வருஷம், படம், பாடியவர், எழுதியவர் என்று நம்ம டிராயிங் மாதிரியே அழகான எழுத்து. 1965இல் ஆரம்பித்து 1978இல் முடியும்.

ஒரு நாள் டிரைவரிடம் கேட்டார், "இது யார் மியூசிக், சொல்லு பாப்போம்." டிரைவர் யோசிக்கவே இல்லை. "எம்.எஸ்.வி. தானே சார்?" சீனியர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. அதுக்காகத்தான் இந்தச் சி.டி.யையே போட்டேன்."

தம்பிகளுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லி விடுகிறேன். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். 1976இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா சகாப்தம் தொடங்கியது. நடுவில் உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நமக்கு உடனே ஞாபகம் வருவது எம்.எஸ்.வி.யும் கே.வி. மகாதேவனும்தான். ஆனால் அதே வருஷங்களில்தான் 'மெல்லிசை மாமணி' என்று பட்டம் பெற்ற வி. குமாரும் இருந்தார். பாட்டுகளை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். பேர்தான் தெரியாது.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி சொல்கிறேன். 1972இல் வந்த 'வெள்ளி விழா' படத்தில் எம்.எஸ்.வி.யே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். குரல் அவருடையது, மெட்டு குமாருடையது. ரேடியோவில் அந்தக் குரலைக் கேட்டால் இசை யாரென்று யாராவது விசாரிப்பார்களா? நமக்குத்தான் 'ஆளே இங்க நிக்கிறாரே' என்ற நினைப்பு வந்து விடுகிறதே!

இப்போது ஒரு கேள்வி. தொகுப்பு என்பது என்ன? பாட்டுகளைப் பிய்த்து எடுத்து வேறு வரிசையில் அடுக்குவது, அவ்வளவுதான். ஆனால் எந்த வரிசை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹீரோ பேரில் அடுக்கினால் ஹீரோ முகம் தெரியும். பாடகர் பேரில் அடுக்கினால் தொண்டை தெரியும். 'காதல் பாடல்கள்', 'தத்துவப் பாடல்கள்' என்று அடுக்கினால் ஆளே தெரியாமல் போகும். நான் பார்த்த கேஸட் உறைகளில் பெரும்பாலும் இப்படித்தான். குமார் மாதிரி ஒருவருடைய பாட்டு பத்துத் தொகுப்புகளில் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடக்கும். அப்படிச் சிதறிய ஆளை ஒரே வரிசையில் நிறுத்தினால்தான் 'அட, இதுவும் இவர்தானா!' என்று தெரியும். அதற்கு மேல் இன்னொன்றும் தெரியும். இவருடைய பாணி என்ன என்பது.

எனக்குத் தெரிந்த பாணியைச் சொல்கிறேன். நான் சங்கீதம் படித்தவன் அல்ல, காது மட்டும் உண்டு. குமாரின் பாட்டுகளில் ஆட்கள் பேசுகிறார்கள்.

கேட்டுப் பாருங்கள். 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் பக்கத்து வீட்டு மாமியை வைத்துச் சண்டை போடுகிற பாட்டு. டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடியது. அதில் மெட்டு எது, பேச்சு எது என்று பிரிக்கவே முடியாது. மனைவி பேச்சில் எங்கே இழுப்பாளோ அங்கே ராகம் இழுக்கும். கணவன் எங்கே வெட்டிப் பேசுவானோ அங்கே தாளம் வெட்டும். 'மேஜர் சந்திரகாந்த்' (1966) படத்தில் தங்கையின் கல்யாணத்தைப் பற்றி நாகேஷ் பாடுகிற பாட்டு. அது ஓர் அண்ணன் சந்தோஷத்தில் போடுகிற லிஸ்ட். 'இரு கோடுகள்' (1969) படத்தில் சுசீலாவும் ஜமுனா ராணியும் சேர்ந்து பாடியது. கண்ணன் ருக்மிணிக்கா, பாமாவுக்கா என்று சாமியை முன்னால் வைத்துக் கொண்டு இரண்டு பெண்கள் ஒரு புருஷனுக்காக வழக்காடுகிறார்கள். அதே படத்தில் ஒரு குமாஸ்தா குடும்பம் வரவு செலவு பேசுகிற பாட்டும் உண்டு. 'வெள்ளி விழா'வில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியதைக் கேளுங்கள். கிளப் டான்ஸ் பாட்டுக்கென்று நாம் முத்திரை குத்தி வைத்த குரலை, காதோரம் ரகசியம் சொல்கிற அளவுக்கு இறக்கிக் காட்டியிருக்கிறார்.

இந்தப் பாட்டுகளைத் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் நல்ல பாட்டு. வரிசையாகக் கேட்டால்தான் இது ஒரே ஆளின் கைவேலை என்று புரிகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? என் யூகம் இது. குமார் வந்த வழி நாடக மேடை. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக் கொண்டே 'ராகினி ரிக்ரியேஷன்ஸ்' குழுவுக்கு நாடகம் போட்ட காலத்தில், அந்த நாடகங்களுக்கு இசையமைத்தவர் இவர். மேடையில் ஐம்பது வயலின் வைத்துக் கொள்ள முடியாது. நாலைந்து வாத்தியம்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை தெளிவாக விழ வேண்டும். கதையை நிறுத்தி வைத்து விட்டுப் பாட முடியாது. பாட்டுக்குள்ளேயே கதை நகர வேண்டும். பட்ஜெட் இல்லை, இடம் இல்லை, ஆள் இல்லை. இந்த மூன்று 'இல்லை'யும் சேர்ந்துதான் அவருக்கு ஒரு பாணியைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் தொழிலில் தெரிந்த சங்கதிதானே! கையில் இருக்கிற கம்பியும் சிமெண்டும் இவ்வளவுதான் என்று தெரிந்தவன்தான் சிக்கனமாக, அழகாக டிசைன் பண்ணுவான்.

அந்த மேடை நாடகம் ஒன்றுதான் 1965இல் 'நீர்க்குமிழி' படமாக வந்தது. பாலசந்தருக்கு டைரக்டராக முதல் படம், குமாருக்கும் முதல் படம். கதை முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கும். அதில் சுரதா எழுதி சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பாட்டு சி.டி.யில் முதல் பாட்டு. வாழ்க்கை நிலையில்லை என்று சொல்கிற பாட்டு. எங்கள் ஊரில் இன்றும் துக்க வீட்டில் போடுகிறார்கள். அறுபது வருஷம் ஆகியும் ஒரு பாட்டு இழவு வீட்டில் ஆறுதல் சொல்கிறது என்றால், அதற்கு மேல் ஒரு கலைஞனுக்கு என்ன விருது வேண்டும்? ஆனால் மெட்டுப் போட்டது யாரென்று அந்தத் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இவரால் பேச்சு நடையில் மட்டும்தான் முடியும் என்று நினைத்து விடாதீர்கள். சிவாஜி நடித்த 'நிறைகுடம்' (1969) இவர் இசைதான். 1975இல் வந்த 'தேன் சிந்துதே வானம்' படத்தில் யேசுதாஸ் பாடிய பாட்டில் பேச்சே கிடையாது. ஒரே மூச்சில் படர்கிற மெட்டு. படத்தைப் பார்க்காதவர்களும் பாட்டைப் பாடுவார்கள். 'சதுரங்கம்' (1978) படத்தில் எஸ்.பி.பி.யும் வாணி ஜெயராமும் பாடிய டூயட்டும் அந்த ரகம். இதற்குள் பாலசந்தர் 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அபூர்வ ராகங்கள்' (1975) என்று எம்.எஸ்.வி.யோடு போய்க் கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இளையராஜா வந்து விட்டார். அந்த நெருக்கடியிலும் குமார் இப்படிப் பாட்டுப் போட்டிருக்கிறார் என்பதை, வருஷ வரிசையில் அடுக்கியதால்தான் பார்க்க முடிகிறது.

தொகுப்புக்குக் குறையும் உண்டு. எண்பது நிமிஷச் சி.டி., நாலு நிமிஷப் பாட்டு, வகுத்தால் இருபது. இருபத்தோராவது பாட்டு நல்ல பாட்டாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். படத்தின் பின்னணி இசை வராது. புல்லாங்குழல் வாசித்தவர் பேரும், தபேலா வாசித்தவர் பேரும் என் சீனியரின் அட்டவணையில் கூட இல்லை. ஒருத்தரை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தால் அவர் நிழலில் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். அதனால் தொகுப்பை முடிவு என்று நினைக்கக் கூடாது. அது ஒரு வாசல்படி. மிதித்து உள்ளே போக வேண்டும்.

சரி, இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்?

அந்தப் பாலம் முடிந்து திறப்பு விழா நடந்தது. கல்வெட்டில் இருபதுக்கு மேல் பேர். ஆற்றின் நடுவில் மணல் அரித்த இடத்தில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டவர் எங்கள் சீனியர். அவர் பேர் அதில் இல்லை. எனக்குக் கோபம். "சார், நீங்க கேக்க மாட்டீங்களா?" என்றேன். அவர் சொன்ன பதில் இது:

"தம்பி, கல்லுல என் பேரு இல்லேன்னா பாலம் விழுந்துடாது. எனக்கும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஆனா நாளைக்கு வேற ஒருத்தன் இதே ஆத்துல இன்னொரு பாலம் கட்ட வருவான். அவன் யாரைத் தேடிப் போய்க் கேப்பான்?"

அன்றைக்குத்தான் அந்தச் சி.டி. எனக்கு முழுசாக விளங்கியது. பேர் என்பது புகழுக்காக மட்டும் இல்லை. அது ஒரு விலாசம். ஒரு பாட்டு பிடித்திருக்கிறது, போட்டவர் குமார் என்று தெரிந்தால் அவருடைய அடுத்த பாட்டைத் தேடிப் போவோம். எல்லாம் எம்.எஸ்.வி. என்று நினைத்து விட்டால் அந்தக் கதவு மூடி விடும். எம்.எஸ்.வி.க்கு நாம் கொடுக்கிற கூடுதல் பெருமை அவருக்குத் தேவையே இல்லை. அவரிடம் குன்று குன்றாக இருக்கிறது. நஷ்டம் கேட்கிற நமக்குத்தான்.

நம் டிராயிங் ஒவ்வொன்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். தம்பிகளே, வேலைக்குப் போனதும் எல்லோரும் ஒப்புதல் அளித்தவர் பேரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வரைந்தவர் பேரைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பதில் அவரிடம்தான் இருக்கும். நம் கல்லூரியிலேயே பாருங்கள். வொர்க்ஷாப்பில் அரத்தைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர், சர்வே கேம்பில் கருவியைத் தோளில் சுமந்து வந்து, "லெவல் சரியா இல்ல தம்பி, திருப்பி வை" என்று சொன்னவர், இவர்கள் பேர் எந்தப் போர்டில் இருக்கிறது? அடுத்த வருஷ மலரில் இவர்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக் கொள்கிறேன். ஒவ்வொரு செட்டும் தங்களுக்குத் தெரிந்த பேர்களை, வருஷத்தோடு, எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தொகுப்பை நாம் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

கடைசியாக ஒரே ஒரு விண்ணப்பம். இன்று மாலை மாணவர்களின் மெல்லிசை நிகழ்ச்சி இருக்கிறது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கப் போகும் தங்கை முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பேரும் ஹீரோ பேரும் சொல்வாய். கூடவே எழுதியது யார், மெட்டுப் போட்டது யார் என்று இரண்டு பேரைச் சொல்லி விடு. பத்து விநாடிகூட ஆகாது. எங்கள் செட்டுக்காரர்கள் இரண்டு பேர் பாடுவதாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் பாடும்போது கட்டாயம் சொல்லு. தப்பு இசையமைப்பாளர் மேல் இல்லை என்று சபைக்குத் தெரிய வேண்டாமா?