எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள்?

வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றித்தான் என் ஆய்வு. 'தகுதி, திறமை' என்ற வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அந்தத் தகுதியை எண்ணாகவே எழுதி வைக்கும் தொழில் ஒன்று இருக்கிறது. விமானி வேலை. ஒவ்வொரு பறத்தலையும் லாக் புத்தகத்தில் மணிக்கணக்கில் எழுதியாக வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான்: எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள்? எண் பொய் சொல்லாது, எண்ணுக்குச் சாதியோ நிறமோ கிடையாது என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

கொஞ்ச மணி நேரமே பறந்த ஒருவர் எங்கே போய் வேலை கேட்பார்? அமெரிக்காவில் வெகுகாலமாக அவர்கள் தட்டும் கதவுகளில் ஒன்று சரக்கு விமானம். அங்கே 250 மணி நேரம் பறந்தால் வணிக விமானி உரிமம் கிடைத்துவிடும். ஆனால் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகவே உட்கார வேண்டுமானாலும் பொதுவாக 1500 மணி வேண்டும். இடையில் கிடக்கும் 1250 மணியை எப்படி நிரப்புவது? புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். விளம்பரத் துணியை வாலில் கட்டிக்கொண்டு கடற்கரையில் சுற்றலாம். 1200 மணி ஆனால், அதில் இரவில் 100, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75 என்ற கணக்கும் சரியாக இருந்தால், சிறிய சரக்கு விமானத்தைத் தனியாக ஓட்டலாம். ஃபெடெக்ஸ் பெட்டிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுபோகும் செஸ்னா கேரவன் அப்படிப்பட்டது. ஒற்றை எஞ்சின், பெரும்பாலும் ஒற்றை விமானி. விமானம் ஃபெடெக்ஸுடையது, விமானிக்குச் சம்பளம் கொடுப்பது ஒப்பந்த நிறுவனம். (இந்த ஏற்பாடு நமக்கு நன்றாகவே தெரிந்ததுதான்.)

இந்த 1500 எங்கிருந்து வந்தது? 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் போட்டது, 2013இல் விதி நடைமுறைக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. விழுந்த விமானத்தின் தலைமை விமானி 3,379 மணி பறந்தவர், துணை விமானி 2,244 மணி பறந்தவர். இருவருமே 1500ஐத் தாண்டியவர்கள்! விசாரணையில் வெளியே வந்தவை களைப்பு, குறைந்த சம்பளம், பயிற்சிக் குறைபாடு. சட்டமும் விதிகளும் அவற்றையும் தொட்டன, ஆனால் எல்லோர் வாயிலும் நின்றது 1500 என்ற எண்.

அந்த எண்ணுக்கும் விலக்கு உண்டு. விமானத் துறையில் நான்காண்டுப் பட்டம் முடித்தவருக்கு 1000 மணி போதும். அதாவது, பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு 500 மணி தள்ளுபடி. இரட்டை எஞ்சின் விமானத்தில் 50 மணி வேறு கேட்பார்கள். கேரவனில் ஆயிரம் மணி இரவு பகலாக ஓட்டியிருந்தாலும் அது ஒற்றை எஞ்சின், அந்த ஐம்பதில் சேராது. தேவையான மணிகளை இரட்டை எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுத்துத்தான் பலர் சேர்க்கிறார்கள். லாக் புத்தகம் திறமையின் கணக்கு மட்டுமல்ல, செலவுக் கணக்கும்தான்.

சரி, காசு எப்படியோ புரட்டி, மணியும் சேர்த்துவிட்ட ஒரு கறுப்பினத்தவர் கதையைச் சொல்கிறேன். மார்லன் கிரீன் அமெரிக்க விமானப்படையில் பறந்தவர், 3000 மணிக்கு மேல். 1957இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இனம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டார், புகைப்படம் ஒட்டவில்லை. டென்வருக்குச் சோதனைக்கு அழைத்தார்கள். நேரில் பார்த்தார்கள். அவரைவிடக் குறைவாகப் பறந்த வெள்ளையர்கள் எடுக்கப்பட்டார்கள், அவர் எடுக்கப்படவில்லை. அவர் பக்கம் எண் இருந்தபோது எண்ணை யாரும் பார்க்கவில்லை. கொலராடோ மாநிலப் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்துக்குப் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 1963 ஏப்ரலில் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கான்டினென்டலில் அவர் பறக்கத் தொடங்கியது 1965இல். நடுவே போன எட்டு ஆண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டிய மணிகள் எந்த லாக் புத்தகத்திலும் இல்லை. வேலையைத் தராமல் இருப்பது அனுபவத்தையும் தராமல் இருப்பதுதான்.

அவருக்கு முன்னரே ஒருவர் தலைமை விமானி இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் மார்ட்டின். கறுப்பின விமானிகளுக்கென்றே இருந்த டஸ்கிகியில் பயிற்சி பெற்றவர். போர் முடிந்த பிறகு நிலையான விமானி வேலை கிடைக்காமல், நியூயார்க் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கினார். கிடைத்தபோது சின்ன நிறுவனங்களில் பறந்தார். 1955இல் அவரைத் தலைமை விமானியாக எடுத்தது சீபோர்டு அண்டு வெஸ்டர்ன், ஒரு சரக்கு விமான நிறுவனம். ஏன் சரக்கு? ஏற்றிய பெட்டி விமானியின் முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காது என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1968இல் பியாஃப்ரா மக்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து அவர் இறந்தார்.

ஆக, அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் அது பின்வாசல். இன்றும் அப்படித்தான். விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டி அமெரிக்க அரசு 2014இல் புது விதியை நடைமுறைப்படுத்தியபோது சரக்கு விமானிகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. இரவு முழுக்கப் பறப்பவர்கள் அவர்கள்தான். பெட்டிகளுக்கு உயிர் இல்லை, சரி. ஓட்டுகிறவருக்கு?

நம் ஊர்க் கணக்கு வேறு. இந்தியாவில் 200 மணியோடு உரிமம் வாங்கி, குறிப்பிட்ட விமானத்துக்கான 'டைப் ரேட்டிங்' முடித்து, நேரடியாக ஏர்பஸ்ஸில் துணை விமானியாக உட்கார முடியும். அந்த 200 மணி வந்து சேர அரைக் கோடிக்கு மேல் செலவு. டைப் ரேட்டிங்குக்குத் தனியே பல லட்சம். பரம்பரை நிலமோ வீடோ அடமானம் வைக்க இல்லாத வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் அரசுப் பறத்தல் பயிற்சி நிலையத்தில் இடஒதுக்கீடு உண்டு. அங்கே படித்துவிட்டு வந்தால் வேலை தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் தனியார். ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை அதன் பணியிடங்களில் இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரியில் டாடாவிடம் போனது, இடஒதுக்கீடும் போனது. பாதுகாப்பான வேலைக்குத் தகுதி வேண்டாமா என்பார்கள். வேண்டும். உரிமத் தேர்வும் சிமுலேட்டர் சோதனையும் அதற்குத்தான் இருக்கின்றன. அவற்றில் தேறிய இருவரில் யாரை எடுப்பது என்பதுதான் நம் கேள்வி.

சரக்கு விமானம் ஓட்டச் சென்னையை விட்டுப் போக வேண்டுமா என்று கூட்டம் தொடங்கும் முன் ஒரு தங்கை கேட்டார். ப்ளூ டார்ட் ஏவியேஷன் சென்னையில்தான் இருக்கிறது, போயிங் 757 சரக்கு விமானங்களை ஓட்டுகிறது. விமானங்கள் குறைவு, அதனால் இடங்களும் குறைவு. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள் அந்தப் பாடங்களைத் திறந்தநிலைப் பள்ளி வழியே எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முதலில் மருத்துவச் சோதனை. பயிற்சிப் பள்ளிகள் முன்பணத்தைத்தான் முதலில் கேட்கும். முதல் வகுப்பு மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், தோழர்களே.