கூரை கொடுத்தால் கொடை நிறைவுறுமா?



வீடும் நிலமும் நிரம்பப் பெற்ற செல்வர்கள், வீடற்றோருக்குத் தருமமாக இடம் கொடுப்பது ஏழையின் துயரை உண்மையிலேயே தீர்க்கிறதா என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருளாகும். பிறர் கட்டிய வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த நமக்கு இஃது அயலார் செய்தியன்று. இதனை ஆராய, நம் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வரும் சிங்கப்பூரின் வரலாறு பெரிதும் உதவும்.

சிங்கப்பூரில் கொடையாளர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1844-ஆம் ஆண்டில் வணிகர் டான் டொக் செங் ஏழை நோயாளிகளுக்கு மருத்துவமனை எழுப்பப் பொருள் கொடுத்தார். தேக்கா வட்டாரத்தின் டன்லப் வீதியில் ஷேக் அப்துல் கபூர் என்பார் எழுப்பிய கடைவீடுகளின் வாடகை, 1907-இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலுக்குத் துணையாயிற்று. சிராங்கூன் சாலை வணிகர் பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் கொடையால் சீனிவாசப் பெருமாள் கோயிலில் 1965-இல் திருமண மண்டபம் திறக்கப்பட்டது. இவையனைத்தும் போற்றத்தக்க அறங்களே.

ஆயினும், அறநிலையம் அமைப்பது ஒன்று. அதனைக் காப்பது வேறொன்று. கட்டிடம் ஒரு முறை எழுகிறது; அதன் செலவோ நாள்தோறும் எழுகிறது. டான் டொக் செங்கின் மருத்துவமனையும் கட்டிடத்திற்குப் பணம் பெற்ற பின்னர், நடத்தும் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. தரும சொத்துக்களின் நிருவாகம் சீர்கெட்டிருந்தமையால், 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கணக்குக் காட்டாத தருமம் ஏழையைச் சென்றடைவது அரிது.

இனி, அந்நாளில் கூலித் தொழிலாளி எங்கே உறங்கினான் என்று பார்ப்போம். நகரத்துக் கடைவீடுகள் சன்னலற்ற சிற்றறைகளாகத் தடுக்கப்பட்டு, காற்றும் வெளிச்சமும் இன்றி மக்கள் நெருக்குண்டு கிடந்ததை 1907-இல் பேராசிரியர் சிம்ப்சன் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். கொடைகள் பெருகிய அதே நகரத்தில் நெரிசலும் பெருகியது ஏன்? ஒரு கை கொடுத்த தருமத்தைவிட, மறு கை வாங்கிய வாடகை மிகுதியாக இருந்ததே காரணம்.

வேறு நாடுகளிலும் இதே நிலைதான். 1862-இல் ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்கச் செல்வர், இலண்டன் ஏழைகளுக்கு வீடு கட்ட 1,50,000 பவுன் வழங்கினார். பின்னர் அத்தொகை 5,00,000 பவுனாக உயர்ந்தது. நல்ல வீடுகள் எழுந்தன. ஆனால், தவறாமல் வாடகை செலுத்த வல்ல நிலையான ஊதியக்காரர்களே பெரும்பாலும் அவற்றில் குடியேறினர். அன்றாடங்காய்ச்சிகள் வாயிற்படியிலேயே நின்றனர்.

சிங்கப்பூரில் பெருந்திருப்பம் எப்போது நேர்ந்தது? 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். நன்கொடைகள் குவிந்து பசியைப் போக்கின. ஆனால், அம்மக்களுக்கு நிலையான வீடு தந்தது கழகமே. 1966-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தால், உடைமையாளர் மனமுவந்து கொடாத நிலமும் பொதுத் தேவைக்குக் கிடைத்தது. இழப்பீடு குறைவென நிலத்துக்குரியோர் வருந்தியதும் உண்டு. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு தொழிலாளர் சொந்த வீடு வாங்க வழி பிறந்தது. இன்று அந்நாட்டில் வாழ்வோருள் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் கழக வீடுகளிலேயே குடியிருக்கின்றனர்.

அவ்வாறாயின் தருமம் வேண்டாமா? வேண்டும். 2019-இல் நடந்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே தெருவில் உறங்குவதாகத் தெரிந்தது. வழிபாட்டு இல்லங்களும் தொண்டு அமைப்புகளும் அரசுடன் கைகோத்து இரவுத் தங்கிடங்களைத் திறந்தன. 2022-இல் எண்ணிக்கை 530 ஆகக் குறைந்தது. இடருற்ற வேளையில் உடனே கைகொடுப்பதே தருமத்தின் தனிச்சிறப்பு.

ஆனால், உரிமை இருக்க வேண்டிய இடத்தைத் தருமம் நிரப்பிவிட முடியாது. 2020-இல் விடுதிகளில் தங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் 47 விழுக்காட்டினரைக் கொவிட் தொற்றியதாக ஆண்டிறுதியில் அறிவிக்கப்பட்டது. உணவும் உடையும் வழங்கிய நல்லோர் பலர். எனினும், நெரிசலுக்கு மாற்றாக வந்தவை, 2021-இல் புதிய விடுதிகளுக்கென அறிவிக்கப்பட்ட விதிகளே: அறைக்கு 12 கட்டிலுக்கு மிகாமை, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம்.

ஆகவே, வீட்டுத் தருமத்தை நாம் மூன்று கேள்விகளால் அளந்து பார்க்க வேண்டும். மிகவும் வறியவன் அதற்குள் நுழைய முடிகிறதா? கொடுத்தவர் மறைந்த பின்னும் அது நிலைக்குமா? குடியிருப்பவன் கொடுத்தவரின் முகம் பார்த்து அஞ்சாமல் வாழ முடிகிறதா?

மூன்றாம் கேள்வியின் பொருளைத் தோட்ட மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை; ஆனால் வேலை போனால் வீடும் போகும். முதுமையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளின் வாசலில் நின்ற பெரியவர்களை நாம் அறிவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இதனாலேதான். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே வாங்கியது. அது தருமப் பணமன்று. உழைப்பாளியின் வியர்வைப் பணம்.

கொடுப்போரை நாம் வாழ்த்துவோம். அதே வேளையில், ஏழைக்குக் கூரை கொடுப்பதோடு நில்லாமல், அக்கூரையின் கீழ் உரிமையோடு வாழும் நிலையையும் சேர்த்துக் கொடுக்குமாறு அவர்களை வேண்டுவோம். நாமும் சிறுகச் சேமித்து, கூட்டுறவால் இணைந்து, நம் பிள்ளைகளுக்கு எவரும் பறிக்கவியலாத ஒரு வாசற்படியை வைத்துச் செல்வோமாக.