பக்கத்துப் படுக்கைச் சிறுவன்



சார்லஸ் டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடர்கதையாக எழுதிய 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலில், அனாதைச் சிறுவன் ஆலிவர் இன்னும் சிறிது கஞ்சி கேட்ட காட்சியை அறியாதார் சிலரே. ஆனால் அவன் கேட்க நேர்ந்த காரணத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஏழையர் விடுதியில் மூன்று மாத காலம் அரைப்பட்டினி. அங்கே நெடிதாய் வளர்ந்த ஒருவன், இன்னொரு கிண்ணம் கஞ்சி கிடையாவிடில் பக்கத்தில் உறங்கும் பையனை ஓரிரவு தின்றுவிட நேரும் என்று மிரட்டுகிறான். பக்கத்தில் உறங்குபவனோ மெலிந்த சின்னஞ்சிறு பிள்ளை! மற்றவர்கள் அதை முழுதும் நம்புகின்றனர், சீட்டுப் போடுகின்றனர், கஞ்சி கேட்கும் பொறுப்பு ஆலிவருக்கு விழுகிறது.

அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு ஆசிரியர் பெயரும் சூட்டவில்லை; பேச ஒரு சொல்லும் தரவில்லை. அன்றிரவு அவன் கண்ணயர்ந்திருப்பானா?

மிரட்டியவனும் பிறவிக் கொடியவன் அல்லன். அவன் தந்தை சிறு உணவுக்கடை நடத்தியவர். பட்டினி அவனுக்குப் பழக்கமில்லாதது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் விடுதி வாழ்வை வேண்டுமென்றே கடுமையாக்கிற்று. பசி, பிள்ளையைப் பிள்ளைக்குப் பகையாக்கிற்று.

நம் தமிழகத்தில் 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982இல் சத்துணவு வந்தது. 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் வந்தது. திருமுடிவாக்கம் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளும் அதன் பயனைப் பெறுகின்றனர்.

சோறு பசியை ஆற்றும். அச்சத்தை ஆற்றுவது தோழமையே. உங்கள் வகுப்பிலும் அந்தப் பெயரற்ற பையன் இருக்கக்கூடும். நாளை அவன் பக்கத்தில் சென்று அமருங்கள்.