தோலோடு இருந்தால்தான் வாசம்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் அழகாகக் கேட்டார்: ‘அறைக் கதவைப் பூட்டிக்கிட்டு ஜெபித்தால் போதாதா? கோயிலுக்கு எதுக்குப் போகணும்?’ அப்படிச் சொன்னவர் இயேசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தில், மூன்று வசனம் தள்ளி, அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் ‘என்’ கிடையாது, ‘எங்கள்’! இலக்கணத்தில் அதற்குப் பேர் தன்மைப் பன்மை. ஒற்றை ஆள் பன்மையாக முடியுமாய்யா? (சிரிப்பு) ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருக்கே வழக்கம் என்கிறது லூக்கா 4ஆம் அதிகாரம்.

போடிநாயக்கனூருக்கு வாங்க. விடியுமுன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள் நம் பெண்கள். ஒரே சரத்தில் எல்லாக் காயும் ஒருசேர முற்றாது. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போய் எடுக்கணும். விசுவாசமும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் ஒருநாளில் வருஷத்துக்கும் சேர்த்து அறுத்துவிட முடியாது! இன்னொன்று: தோலை உரித்து விதையைத் தனியே வைத்தால் வாசம் சீக்கிரம் போயிடும். தோலோடு இருந்தால் நிற்கும். சபை ஐக்கியம் அந்தத் தோல்.

‘சீசனில் ஞாயிறும் வேலையாச்சே?’ என்பீர்கள். உண்மை, வயிறு இருக்கிறது. மலையிறங்கி வருகிறவளுக்குச் சாயங்காலம் ஆராதனை வையுங்கள். அதுவும் சபையின் கடமைதான். மூன்று ஞாயிறாய் வராதவள் வீட்டுக்குப் போய், ‘ஏம்மா, உடம்புக்கு முடியலையா?’ என்று கேட்கச் சபை வேண்டும். பூட்டிய அறை எழுந்து வந்து கேட்குமா? (கைதட்டல்)

கேட்காது என்று சொல்லி அமர்கிறேன்.