வானவன்மாதேவி ஈஸ்வரத்து விளக்கு

நேயர்களே, கிழக்குக் கரையிலுள்ள கோமாரிக்கு வடக்கே திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலும் தெற்கே உகந்தை முருகன் கோயிலும் பூசை குறையாமல் விளங்குவதால், வழிபாடு நின்றுபோன கோயில் எப்படியிருக்கும் என்பதை அறிய விரும்புவோர் பொலன்னறுவைக்கே செல்ல வேண்டும்.

அங்கே இரண்டாம் சிவ தேவாலயம் என்று தொல்லியலாளர் இலக்கமிட்டழைக்கும் கோயிலின் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம் என்பதை அதன் சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளே கூறுகின்றன. வானவன்மாதேவி முதலாம் இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயும் ஆவார். அடித்தளம் முதல் விமானம், அதாவது கருவறைக்கு மேலெழும் கட்டடம், வரை யாவும் கல்லாலானதால் இக்கோயில் இன்றும் முழு உருவோடு நிற்கிறது. இதற்குத் தெற்கே 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் பாணியில் எழுந்த முதலாம் சிவ தேவாலயத்திலோ, செங்கல்லாலான மேற்பகுதி சரிந்துவிட, நெருக்கமாக இழைத்துப் பொருத்திய கற்சுவர்களே எஞ்சியுள்ளன. அந்த வளாகத்து மண்ணிலிருந்து 1907ஆம் ஆண்டளவில் வெளிவந்த நடராசர், சுந்தரர் முதலிய செப்புத் திருமேனிகளால் கொழும்பு அருங்காட்சியகம் பெருமை பெறுகிறது.

ஆயினும் நேயர்கள் நின்று பார்க்க வேண்டியது வானவன்மாதேவி ஈஸ்வரத்தின் சுவரையே. அங்கு அதிராசேந்திர சோழன் காலத்து எழுத்துகள், கோயிலில் விளக்கெரிக்க அளித்த கொடையைப் பதிவு செய்துள்ளன. சோழநாட்டில் இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன; அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து, இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் காத்ததால், அம்மந்தைக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர் வந்தது. சந்திரசூரியர் உள்ளவரை எரியவேண்டும் என்பதே இத்தகைய கொடைகளின் கருத்து. அதிராசேந்திரனின் ஆட்சி 1070இல் முடிந்தது. அதே ஆண்டளவில் சிங்கள மன்னன் முதலாம் விசயபாகுவும் பொலன்னறுவையை ஆண்ட சோழரை அங்கிருந்து அகற்றினான். 1215இல் கலிங்கத்து மாகன் படையெடுத்தபின் அந்நூற்றாண்டிலேயே தலைநகரான பொலன்னறுவை கைவிடப்பட்டுக் காடு சூழ்ந்தது. எனவே சுடர் அணைந்தது. எரிப்போம் என்று கொடுத்த வாக்கு மட்டும் கல்லில் நின்றது. மன்னர் பெயரைச் சொல்லும் கற்கள் எங்கும் உண்டு. எண்ணெயும் திரியும் தடைப்படாமலிருக்க வேண்டுமென்று மனிதர் கொண்ட கவலையைச் சொல்லும் கல்லே இடிபாட்டை நெஞ்சுக்கு நெருக்கமாக்குகிறது.

இத்தகைய மௌனம் ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் சீக்கியர் மேற்குப் பஞ்சாபை விட்டு அகன்றபோது, அங்கே குருத்துவாரா எனப்படும் அவர்களது வழிபாட்டிடங்கள் பல ஆளின்றிப் போயின. ஆயினும் அவ்வாறு பிரிந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குக் அங்குள்ள கர்த்தார்பூர் குருத்துவாராவுக்குச் செல்லும் வழி 2019 நவம்பரில் திறந்தது.

திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் கூடப் பழங்கல்வெட்டுகள் கிடைத்துள்ளமையால், இக்கரையில் கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது எழுத்துள்ள கல் தென்பட்டால், அது துவைகல்லாகவும் படிக்கல்லாகவும் மாறாமல், கண்ட இடத்திலேயே காக்கப்பட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கப்படும் என்ற நம்பிக்கையோடு இவ்வுரை நிறைவுபெறுகிறது.