அணி ஓரூர், மைதானம் வேறூர்



விளையாட்டு அணிகள் ஊர் மாறுவதையும், அரங்கு கட்டிய கடன் யார் தலையில் விழுகிறது என்ற தகராறையும் பேசுவதற்கு இரத்தினபுரியில் ஓர் ஆய்வரங்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. சப்ரகமுவ மாகாணத்தில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றுகூடக் கிடையாது. லங்கா பிரீமியர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஊர்ப் பெயர்களில் அணிகள் வந்தன. இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் எதுவும் வரவில்லை. விட்டுப்போவதற்கு ஓர் அணிகூட இல்லாத மாகாணம் இது. ஆனாலும் இலங்கை அரங்குக் கடன்களில் பெரிய கதைக்குப் போகும் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய என்று பஸ்ஸில் வருகிறவர் மாகாண எல்லையைத் தாண்டியதும் சூரியவெவ பக்கம் திரும்பலாம். அங்கே 35,000 பேர் உட்காரக்கூடிய ஓர் அரங்கு நிற்கிறது.

2011 உலகக் கிண்ணத்துக்காக எழுந்த அரங்கு அது. அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள், மாவட்டமும் அவருடையதே. 2011 பெப்ரவரி 20 அன்று இலங்கையும் கனடாவும் அங்கு மோதின. மூன்று நாள் கழித்துப் பாகிஸ்தானும் கென்யாவும் ஆடின. அந்த உலகக் கிண்ணத்தில் சூரியவெவவுக்குக் கிடைத்தவை இந்த இரண்டு ஆட்டங்களே. சற்று முன்னர்தான் பல்லேகலையில் இன்னொரு புதிய அரங்கு எழுந்திருந்தது. கொழும்பில் பிரேமதாச அரங்கையும் இடித்துப் புதுப்பித்தார்கள். போட்டி முடிந்தபோது ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனம் கடனில் மூழ்கிக்கிடந்தது, அரசாங்கத்திடம் கையேந்தியது. மும்பையில் இறுதியாட்டம் வரை போய்வந்த வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சீமெந்துக்குக் கொடுத்தபின் துடுப்பாட்டக்காரனுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதே அந்த ஆண்டின் நிலைமை.

2012 செப்டெம்பரில் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் சூரியவெவவில் நடந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது; அவ்வாண்டு ஜூலைக்குப் பின் சூரியவெவ வெறிச்சோடிப்போனது. 2017 ஜூலையில் சிம்பாப்வே அணி வந்தபோதுதான் சர்வதேச ஆட்டம் மீண்டும் அங்கே எட்டிப்பார்த்தது. தொடரை சிம்பாப்வே 3–2 என்று வென்றது. ஆனால் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதியது வேறொன்றைப் பற்றி. மழை வந்தால் ஆடுகளத்தை மூடுவதற்கும் ஏனைய மைதான வேலைகளுக்கும் நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்த ஏறக்குறைய நூறு பேரிடம், கொடுத்த சீருடைக் காற்சட்டையைக் கழற்றித் தந்தால்தான் கூலி என்று சொல்லிவிட்டார்கள். மாற்றுடை கொண்டுவராதவர்கள் உள்ளாடையோடு வீடு போனார்கள். கிரிக்கெட் நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, மாலையில் கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப்பேர் (அரைநாள் கூலி) வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் தோட்டத்தாருக்கு இந்தச் சம்பவத்தை விளக்கவேண்டியதில்லை. அரங்கு நிதி பற்றிய ஆய்வுகளில் கடன் வட்டியும் இருக்கை எண்ணிக்கையும் வரும். இந்தக் காற்சட்டை வருவதில்லை. இம்மாகாணத்தில் கூடும் ஆய்வரங்கு அதையும் கணக்கில் எழுதவேண்டும்.

ஆளில்லாத அரங்கின் கதை அப்படி. அரங்கில்லாத அணியின் கதை யாழ்ப்பாணத்தினுடையது. 2020 நவம்பரில் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது, புலம்பெயர் தமிழர்கள் பணம் போட்ட ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணி களமிறங்கியது. கொரோனாக் காலம் என்பதால் எல்லா ஆட்டங்களும் பார்வையாளர் இன்றி ஒரே மைதானத்தில் நடந்தன. அந்த மைதானம் சூரியவெவ. யாழ் மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் பந்து வீசியதை யாழ்ப்பாணத்துச் சனம் தொலைக்காட்சியில்தான் பார்த்தது. அடுத்த ஆண்டு அணி அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா குழுமத்தின் கைக்குப் போய் ஜப்னா கிங்ஸ் ஆனது. 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்றது. இத்தனை வெற்றியிலும் ஒரு லீக் ஆட்டமேனும் யாழ் மண்ணில் நடக்கவில்லை. 2025 ஏப்ரலில், ஒப்பந்தக் கடப்பாடுகளை நிறைவேற்றவில்லை என்று காரணம் சொல்லி, ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் ஆகிய இரண்டினதும் உரிமையாளர் ஒப்பந்தங்களைக் கிரிக்கெட் நிறுவனம் முறித்தது. தம்புள்ளையின் நிலை இன்னும் விசித்திரம். வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்சர்ஸ் என்று ஐந்து பருவங்களில் ஐந்து பெயர். 2024இல் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானதும் தண்டர்ஸ் என்ற பெயரும் போனது.

இந்த அணிகள் இடம்பெயர்ந்தன என்று சொல்லலாமா? பெயர்வதற்கு முதலில் ஓரிடத்தில் இருந்திருக்கவேண்டும். உலக ஆய்வுகள் பேசும் இடமாற்றம் அந்த வகை. ஓக்லண்ட் நகரில் 1968 முதல் ஆடிய அத்லெட்டிக்ஸ் பேஸ்போல் அணி புதிய அரங்கு கேட்டது, பேச்சு இழுபட்டது, லாஸ் வேகாஸ் பக்கம் கண் காட்டியது. 2023 ஜூனில் நெவாடா மாநிலச் சட்டமன்றம் 38 கோடி டொலர் வரை பொதுப்பணம் தரச் சட்டம் இயற்றியது. முன்னின்று எதிர்த்தவர்கள் அந்த மாநிலத்து ஆசிரியர் சங்கத்தினர்: பள்ளிக்கூடத்துக்கு இல்லாத பணம் பந்தாட்டத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பொதுவாக்கெடுப்புக்கான அவர்களது முயற்சியை 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. புதிய அரங்கு எழும்வரை அணி சாக்ரமெண்டோ அருகே ஒரு சிறிய மைதானத்தில் ஆடுகிறது, எந்த ஊரின் பெயரும் இல்லாமல். யாழ்ப்பாணத்துக்குப் பெயர் மட்டும் கிடைத்தது. ஓக்லண்டிலோ அணியோடு பெயரும் போய்விட்டது. அரங்கு கட்டினால் ஊர் செழிக்கும் என்ற வாக்குறுதியை ரொஜர் நோல், அன்ட்ரூ சிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 1997இலேயே கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று காட்டினார்கள். அதன்பின்னும் அடிக்கல் விழாக்கள் குறையவில்லை.

இலண்டனில் விம்பிள்டன் உதைபந்தாட்ட அணி 2003இல் மில்டன் கீன்ஸ் நகருக்குப் போய்விட்டது. போக அனுமதி கிடைத்த 2002ஆம் ஆண்டிலேயே ரசிகர்கள் தாங்களே ஓர் அணியைத் தொடங்கினார்கள். கீழ்மட்டத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, 2020இல் பழைய பிளவ் லேன் வீதியிலேயே புதிய அரங்கும் திறந்துவிட்டார்கள். இந்தியாவில் காரணங்கள் வேறு. 2016இல் மகாராஷ்டிர வறட்சியின்போது, குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆடுகளத்துக்கு ஊற்றுவதா என்று கேட்டு, ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோக மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டச் சூட்டில் சென்னை அணியின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேவுக்குப் போயின. 2019இல் டெல்லி டைனமோஸ் உதைபந்தாட்ட அணி புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா என்ற பெயர் பூண்டது. தயாரான அரங்கும் அரசின் ஆதரவும் அங்கே காத்திருந்தன.

சப்ரகமுவ தோட்டங்களுக்கும் அணி இழந்த வரலாறு ஒன்று உண்டு; அது தொழிலாளருடைய அணி அல்ல என்பதே வேறுபாடு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் டிம்புள்ள, திக்கோயா, ஊவா தோட்டத்துரைமாரைப் போலக் களனிவெளித் துரைமாருக்கும் ரக்பி அணி இருந்தது. ஆடியவர்கள் துரைமார், புல் வெட்டியவர்கள் தொழிலாளர். துரைமார் கப்பல் ஏறியதும் அணியும் தேய்ந்து மறைந்தது. அணி உடைமையாளனோடு வரும், அவனோடு போகும் என்ற விதியை லீக் முதலாளிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

ஆட்டம் போனாலும் காணி இருக்கிறது. அரங்குத் தகராறுகளின் அடியில் கிடப்பது பெரும்பாலும் காணிதான். தம்புள்ளை அரங்கு விகாரைக் காணியில் குத்தகைக்கு நிற்கிறது; ஆரம்ப ஆண்டுகளில் குத்தகைப் பேச்சே அங்கு ஆட்டத்தைத் தாமதப்படுத்தியது. லொஸ் ஏஞ்சலிஸில் சாவேஸ் ரவீன் என்ற பள்ளத்தாக்கில் மெக்சிக்க வம்சாவளி ஏழைகள் குடியிருந்தார்கள். மக்களுக்கு வீடு கட்டுகிறோம் என்று சொல்லி 1950களின் தொடக்கத்தில் அவர்களை எழுப்பினார்கள். வீட்டுத்திட்டம் கைவிடப்பட்டது. புரூக்ளினை விட்டு வந்த டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணிக்கு அந்தக் காணி போயிற்று. கடைசிக் குடும்பங்களை 1959 மே மாதம் பொலிஸார் தூக்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். 1962இல் அங்கே அரங்கு திறந்தது.

எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் காவத்தையிலும் இறக்குவானையிலும் இதைக் கேட்கும் தோட்டத்தவருக்கு உடனே விளங்கும். இந்தியாவுடனான பிரஜாவுரிமை ஒப்பந்தம் தோட்டத்தவரில் ஒரு பகுதியினரைக் கப்பலேற்றியது. 1977இலும் 1981இலும் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய் வன்னிக் காடு வெட்டிக் குடியேறின. இருப்பவர்களுக்கும் காணி சொந்தமில்லை. காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992 முதல் நிர்வாகம் பிராந்தியத் தோட்டக் கம்பனிகளிடம். தோட்டத்து கிரவுண்ட் அரசுக் காணி, கம்பனிக் குத்தகை, இளைஞர் மன்றத்தின் பழக்கம் என்று மூன்று பேரின் கையில் அந்தரத்தில் நிற்கிறது. சரிவைச் செதுக்கி எடுத்த ஒரு மட்டம் அது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் இறப்பர். தீபாவளி, பொங்கல் லீவில் அங்கே மென்பந்துப் போட்டி நடக்கும். பந்து தேயிலைக்குள் போனால் எத்தனை ஓட்டம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வார்கள். மலைநாட்டில் மட்டமான நிலம் அருமை. அதனால் வீட்டுத்திட்டம், கட்டடம், மண்சரிவு அகதிகளுக்கான கூடாரம் எது வந்தாலும் முதலில் கண்படுவது இந்த கிரவுண்டில்தான். 2016 மே 17 அன்று புளத்கொஹுப்பிட்டியத் தோட்டக் குடியிருப்பில் மண் சரிந்து உயிர்கள் போனதைக் கண்ட மாகாணத்தில், வீட்டுக்குக் காணி வேண்டாம், விளையாட விடு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிரவுண்ட் போனால் மாற்று கிரவுண்ட் தரவேண்டும் என்று எழுதிவைத்த காகிதம் எதுவும் இல்லை என்பதே குறை.

அப்படிக் காகிதம் இல்லாவிட்டாலும், வேண்டாத அரங்கை அது எழும் முன்பே தடுக்கமுடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, ஹோமாகமவில் 60,000 இருக்கையோடு ஓர் அரங்கு கட்டப்போவதாக அறிவித்தார்கள். இருக்கும் அரங்குகளிலேயே போதிய ஆட்டம் இல்லையே, இன்னொன்று எதற்கு என்று மஹேல ஜயவர்தன வெளிப்படையாகக் கேட்டார். முன்னாள் வீரர்களோடு பிரதமர் பேசினார். சில நாளில் திட்டம் கைவிடப்பட்டது. சூரியவெவவுக்குப் பெயர் கொடுத்தவரே அந்தப் பிரதமர் என்பதையும் பதிவு செய்வது நல்லது. இப்போது மண்டைதீவின் முறை. 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே யாழ்ப்பாண சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். 40,000 பேருக்கான அரங்கு என்று திட்டம். சதுப்புநிலமும் பறவைகளும் என்னாகும் என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். வடக்குக்கு ஒரு மைதானம் வேண்டும் என்பதில் இரண்டு பேச்சில்லை. நான்கு கிண்ணம் வென்ற பெயருக்கு ஓர் ஆடுகளம் கொடுப்பது நீதியே. ஆனால் ஆண்டுக்கு எத்தனை நாள் அங்கே ஆட்டம், பராமரிப்புச் செலவு யாருடையது, எஞ்சிய நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்குமா என்பதற்கு விடை இல்லாவிட்டால் அது இன்னொரு சூரியவெவ ஆகிவிடும்.

இங்கு கட்டுரை வாசிக்க வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பலாங்கொடையிலிருந்து தெஹியோவிட்ட வரை தோட்டம் தோட்டமாகப் போய், ஒவ்வொரு கிரவுண்டுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்: காணி யார் பேரில் இருக்கிறது, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, எத்தனை ஏக்கர், கடைசியாக யார் செலவில் திருத்தினார்கள், பெண்பிள்ளைகள் அங்கே கரப்பந்தாவது விளையாடுகிறார்களா. மாகாணத்தில் ஓர் அரங்குக்கு யாரேனும் அடிக்கல் தூக்கிக்கொண்டு வருமுன், அந்தப் பட்டியல் மாகாண விளையாட்டுத் திணைக்களத்தின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும்.